பத்து சென்ட் அட்டைத் துண்டு

முன்பெல்லாம் சீரியோஸ் என்ற காலை உணவு டப்பாவின் மேல் மடிப்பில் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கட்டம் அச்சாகியிருக்கும். அதற்குள் ‘பாக்ஸ் டாப்ஸ் ஃபார் எஜுகேஷன்’ என்ற பெயர், 10 சென்ட் என்ற தொகை, ஓரத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு காலாவதி தேதி. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் இருந்த வீடுகளில் இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கட்டத்தைக் கத்தரித்து எடுத்த பிறகுதான் டப்பா குப்பைக்குப் போனது. துண்டு பிள்ளையின் பையில் ஏறிப் பள்ளிக்குப் போகும். பள்ளி ஆயிரக்கணக்கில் சேர்த்து அனுப்பும். துண்டுக்குப் பத்து சென்ட் கணக்கில் காசோலை வரும்.

1996-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது இது. நடத்தியது ஜெனரல் மில்ஸ், சீரியோஸும் லக்கி சார்ம்ஸும் தயாரிக்கும் நிறுவனம். முதலில் காலை உணவு டப்பாக்களில் மட்டும் இருந்த கட்டம், பிறகு பில்ஸ்பரி மாவு, யோப்ளே தயிர், நேச்சர் வேலி பார் என்று பரவியது. அப்புறம் வேறு நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. க்ளீனெக்ஸ் டிஷ்யூ, ஹெஃப்டி குப்பைப் பை, ஜிப்லாக் பை எல்லாவற்றிலும் அது வந்தது. 2019 வரை பள்ளிகளுக்குப் போன மொத்தத் தொகை 90 கோடி டாலருக்கு மேல். அதாவது 900 கோடிக்கும் அதிகமான துண்டுகள். போனஸ் சான்றிதழ்கள் போன்ற சில்லறை வரவுகளைக் கழித்தாலும், அவ்வளவையும் யாரோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் ஒரு அம்மா. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் பாக்ஸ் டாப்ஸ் ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பை ஏற்பார். சம்பளம் கிடையாது. வகுப்பறைகளில் வைத்த டப்பாக்களில் சேர்ந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுவார். அவசரத்தில் கிழித்தவை, மடங்கியவை, பிசுக்கு ஒட்டியவை என்று எல்லாம் அதில் இருக்கும். தேதி முடிந்தவற்றைக் கழிக்க வேண்டும். பிள்ளை கட்டத்தின் ஓரத்தை நறுக்கும்போது தேதியையும் சேர்த்து நறுக்கியிருந்தால் அதுவும் செல்லாது. மிச்சத்தை ஐம்பது ஐம்பதாக எண்ணி பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். அந்தப் பை பெரும்பாலும் ஜிப்லாக்காக இருக்கும், அதன் டப்பாவிலும் ஒரு கட்டம் இருக்கும். நவம்பர் 1, மார்ச் 1 என்று வருடத்துக்கு இரண்டு கெடு. டிசம்பரிலும் ஏப்ரலிலும் காசோலை வரும்.

எண்ணும் வேலையைக் குறைக்க ஆசிரியைகளும் அம்மாக்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்டோபர் என்றால் பூசணிக்காய், டிசம்பர் என்றால் கிறிஸ்துமஸ் மரம் என்று படம் போட்ட ஒரு தாள். படத்துக்குள் பத்தோ இருபத்தைந்தோ கட்டங்கள். பிள்ளை வீட்டில் ஒவ்வொன்றாக ஒட்டி நிரப்பிக்கொண்டு வந்தால் தாளை எண்ணினால் போதும். அதிகம் கொண்டுவந்த வகுப்புக்கு பீட்சா விருந்து, அல்லது விளையாட்டு நேரம் கொஞ்சம் கூடுதல். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தை, “இதுல கட்டம் இல்லம்மா, அதை எடு” என்று சொல்லும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் டாலர் வேண்டுமென்றால் பத்தாயிரம் துண்டு வேண்டும். ஐம்பது துண்டுப் பையாக 200 பைகள். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு இருபது. ஒரு டப்பா சராசரியாக நான்கு டாலர் என்று வைத்தால், அந்த ஆயிரம் டாலருக்காகப் பெற்றோர் கடையில் கொடுத்தது 40,000 டாலர். ஒரு பை துண்டின் மதிப்பு ஐந்து டாலர். 2009 முதல் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஒரு பையைச் சரிபார்த்து எண்ணிக் கட்ட முக்கால் மணிக்கு மேல் ஆனால், அந்த அம்மா வேறெங்காவது வேலை செய்து கூலியைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கலாம். வெட்டிய வீடுகளின் நேரத்தை இதில் நான் சேர்க்கவேயில்லை.

அப்படியானால் பள்ளிகள் ஏன் இதன் பின்னால் ஓடின? அமெரிக்க அரசுப் பள்ளியின் செலவு ஒரு பிள்ளைக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல். 500 பிள்ளைகள் என்றால் 50 லட்சம் டாலர். அதில் ஆயிரம் டாலர் எந்த மூலைக்கு? வெளியிலிருந்து பார்த்தால் இது சரியான கேள்வி. தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அந்த 50 லட்சத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். மிச்சமும் பேருந்து, கட்டடம், மின்சாரம் என்று ஏற்கெனவே பிரிக்கப்பட்டது. ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. பாக்ஸ் டாப்ஸ் காசோலைக்கு அந்தத் தொல்லை இல்லை. வர்ணக் காகிதமோ கால்பந்தோ நூலகத்துக்குப் பத்து புத்தகமோ, யாரிடமும் கேட்காமல் வாங்கலாம். நம் ஊர் வீடுகளில் சம்பளம் முழுக்க வாடகைக்கும் கடனுக்கும் போனாலும் அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்திருக்கும் பணத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டே, அந்த ரகம்.

நிறுவனத்தின் பக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னால் போக வேண்டும். டப்பாவின் மேல்மூடியை வெட்டி அனுப்பச் சொல்வது பழைய அமெரிக்க வியாபார வித்தை. பார்கோடு இல்லாத காலத்தில், பொருளை வாங்கியதற்கு அத்தாட்சி அந்த மூடிதான். 1947-ல் இதே ஜெனரல் மில்ஸ் தன் கிக்ஸ் என்ற உணவுக்கு ஒரு விளம்பரம் செய்தது. மூடியோடு 15 சென்ட் அனுப்பினால் ‘அணுகுண்டு மோதிரம்’ கிடைக்கும். ஹிரோஷிமா நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இருட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே பொறி பறக்கும் பொம்மை மோதிரம் அது. இன்னொரு பக்கம், இதே நிறுவனம் ‘பெட்டி க்ரோக்கர்’ (Betty Crocker) என்ற வணிகப் பெயரில் தந்த கூப்பன்கள். மாவு, கேக் கலவை டப்பாக்களில் வந்த கூப்பனைச் சேர்த்து ஸ்பூன், ஃபோர்க் வாங்கிக் குடும்பத்துக்கு ஒரு செட் சேர்த்த அமெரிக்கப் பெண்கள் ஏராளம். அந்தத் திட்டம் 2006-ல்தான் முடிந்தது.

மோதிரம் பிள்ளைக்கு, ஸ்பூன் அம்மாவுக்கு. 1996-ல் மாறியது, பரிசு யாருக்கு என்பதுதான். விற்பனைத் துறைக்கு அது பெரிய மாற்றம். டப்பாவுக்குப் பத்து சென்ட் தள்ளுபடி என்று கடையில் அறிவித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான்கு டாலரில் அது இரண்டரை சதவீதம், பக்கத்து அலமாரியில் கடையின் சொந்தப் பெயரில் இருக்கும் டப்பா அதைவிட மலிவாகவே கிடைக்கும். அதே பத்து சென்ட்டைப் பள்ளிக்கு என்று சொன்னால், மலிவான டப்பாவை எடுப்பவருக்கு மனதில் ஒரு உறுத்தல் வருகிறது. பணம் போனது வாங்கியவரின் கையிலிருந்து, காசோலையில் இருப்பது நிறுவனத்தின் பெயர். வெட்டாமல் குப்பையில் போன துண்டுகளுக்கோ நிறுவனம் ஒரு சென்ட்டும் தர வேண்டாம்.

கேம்ப்பெல் சூப் நிறுவனம் இதை இன்னும் முன்பே, 1973-லேயே, ‘லேபிள்ஸ் ஃபார் எஜுகேஷன்’ என்ற பெயரில் தொடங்கிவிட்டது. அங்கே பணம் கிடையாது. லேபிளுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பட்டியலில் உள்ள இசைக்கருவி, விளையாட்டுச் சாமான், படம் காட்டும் கருவி. பள்ளிகளுக்கு 11 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள் போனதாக நிறுவனம் சொன்னது. பங்கேற்பு குறைந்துபோனதால் 2017-ல் அது மூடப்பட்டது. காசோலை தருபவர் பக்கத்தில் இருக்கும்போது பட்டியலைக் காட்டுபவரிடம் யார் போவார்கள் என்று எனக்குத் தோன்றும். இவை தவிர வட்டாரத் திட்டங்களும் இருந்தன. மினசோட்டா பக்கம் கெம்ப்ஸ் பால் மூடிக்கு ஐந்து சென்ட். மூடியைக் கழுவாமல் போட்டால் வகுப்பே நாறிவிடும் என்பது அந்த ஊர் ஒருங்கிணைப்பாளரின் கூடுதல் கவலை.

பிரிட்டனில் இது பேரங்காடிகளின் வேலையாக இருந்தது. 1992-ல் டெஸ்கோ ‘கம்ப்யூட்டர்ஸ் ஃபார் ஸ்கூல்ஸ்’ தொடங்கியது. பத்து பவுண்ட் சாமானுக்கு ஒரு வவுச்சர். ‘விச்’ என்ற நுகர்வோர் இதழ் உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஏறத்தாழ ஆயிரம் பவுண்ட் விலையுள்ள ஒரு கணினிக்குச் சுமார் 22,000 வவுச்சர். அதாவது பெற்றோர் அந்தக் கடையில் 2,20,000 பவுண்ட் அளவுக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். ஆனாலும் வவுச்சர் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்படியும் வாங்கப்போகிற சாமான்தானே என்று பெற்றோர் நினைத்தார்கள், அதில் நியாயமும் உண்டு.

அந்த நியாயம் உடைந்தது 2003-ல், கேட்பரி சாக்லேட்டில். உறையில் உள்ள டோக்கனைச் சேர்த்தால் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான். திட்டத்தின் பெயர் ‘கெட் ஆக்டிவ்’. விளையாட்டுத் துறை அமைச்சர் ரிச்சர்ட் கேபோர்ன் அதை ஆதரித்தார். குண்டான பிள்ளைகளைப் பற்றி நாடே கவலைப்பட ஆரம்பித்திருந்த நேரம். ஃபுட் கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரு கூடைப்பந்துக்கு 170 டோக்கன். அத்தனை சாக்லேட்டையும் தின்ற பத்து வயதுப் பிள்ளை, உடலில் ஏறிய கலோரியைக் கரைக்க அந்தப் பந்தை வைத்து 90 மணி நேரம் ஆட வேண்டும். திட்டத்தில் வந்த எல்லா உறைகளுக்குள்ளும் இருந்த கொழுப்பைக் கூட்டினால் கிட்டத்தட்ட 20 லட்சம் கிலோ. செய்தித்தாள்கள் இதைப் பிடித்துக்கொண்டன. கேட்பரி கொஞ்ச நாளில் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டது.

பாக்ஸ் டாப்ஸுக்கு இப்படி ஒரு அடி விழவேயில்லை. லக்கி சார்ம்ஸில் என்ன சர்க்கரை இல்லையா? இருக்கிறது. ஆனால் கட்டம் டிஷ்யூவிலும் குப்பைப் பையிலும் பரவிக் கிடந்ததால், இது தின்பண்ட விளம்பரம் என்று யாராலும் விரலை நீட்டிச் சொல்ல முடியவில்லை. பள்ளி நேரத்தில் வளாகத்துக்குள் சத்துத் தரத்துக்கு உட்படாத உணவுகளை விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2016-ல் விதி கொண்டுவந்தபோதும் துண்டு சேகரிப்பு தொடர்ந்து நடந்தது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. அமெரிக்க அரசுப் பள்ளிகளின் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உள்ளூரிலிருந்து, முக்கியமாக வீடு மனைகளின் வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளிக்கும் வரவு அதிகம். துண்டுத் திட்டம் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்குப் பதிலாக அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. பெயர்பெற்ற நிறுவனத்தின் டப்பாவை விலை பார்க்காமல் வாங்கும் வீடுகளும், பகலில் மேசையில் துண்டு எண்ண நேரம் உள்ள அம்மாக்களும் எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊர்ப் பள்ளிக்குத்தான் பெரிய காசோலை. உள்ளதிலேயே மலிவான டப்பாவைத் தேடி எடுக்கும் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு போகும். காலையில் இட்லி தோசை சுடும் நம் ஆட்கள் வீட்டிலும் வெட்டுவதற்கு அதிகம் இருக்காது. ஜிப்லாக் டப்பா, டிஷ்யூ டப்பா, பிள்ளை அடம்பிடித்து வாங்கிய சீரியோஸ் ஒன்று. உளுத்தம்பருப்பு மூட்டைக்கு எவன் பத்து சென்ட் தருகிறான்?

உறை சேர்ப்பது நமக்கும் புதிதில்லை. 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ரன் அச்சிட்டு வந்தது. நூறு ரன் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பரிசுச் சீட்டு. அடுத்த வீட்டுக் குப்பைக் கூடை வரை துழாவிய பிள்ளைகளை அந்த வருடம் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது அவரவருக்கு. பள்ளிக்காகச் சேர்த்ததில்லை.

பள்ளிக்காகவே, அதிலும் ஏழைப் பள்ளிக்காகவே தொடங்கியது ஜப்பானின் பெல்மார்க். 1960-ல் இதற்கென ஒரு அறக்கட்டளை அமைந்தது. மலைக் கிராமங்களிலும் தீவுகளிலும் இருந்த பள்ளிகளுக்கு உபகரணம் இல்லை என்று ஆசிரியர்கள் முறையிட்டதிலிருந்து பிறந்த யோசனை. அசாஹி ஷிம்புன் நாளிதழ் தன் 80-ஆம் ஆண்டை ஒட்டி இதைக் கையில் எடுத்தது. க்யூப்பி மயோனைஸ் உறையில், நோட்டுப் புத்தக அட்டையில், ஒரு சிறிய மணியின் படம். ஒரு புள்ளிக்கு ஒரு யென். சேர்ந்த புள்ளிகள் பள்ளியின் பெற்றோர் சங்கக் கணக்கில் ஏறும். அதை வைத்து இணைந்த நிறுவனங்களிடம் பந்தோ கூடாரமோ வாங்கலாம்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளி வாங்கும் பொருளின் விலையில் பத்து சதவீதத்தை அந்தப் பொருளை விற்ற நிறுவனம் அறக்கட்டளைக்குக் கொடுக்கும். அந்தப் பணம் தூரத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் பேரிடரில் சிக்கிய பள்ளிகளுக்கும் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் போகும். டோக்கியோப் பள்ளி தனக்கு ஒரு பந்து வாங்கினால், எங்கேயோ ஒரு தீவுப் பள்ளிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் இல்லாத இந்த ஒரு விதியை யாராவது இரவல் வாங்கியிருக்கலாம்.

ஆனால் உழைப்பு என்று பார்த்தால் ஜப்பானியத் தாய்மாரின் பாடு இன்னும் மோசம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எண் உண்டு. மணித் துண்டுகளை நிறுவனவாரியாகப் பிரிக்க வேண்டும், ஒரே நிறுவனத்துக்குள் அரைப் புள்ளி, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று மறுபடி பிரிக்க வேண்டும், எண்ணி உறையில் போட்டு மேலே எழுத வேண்டும். பாதித் துண்டுகள் விரல் நகம் அளவுதான், ஃபேன் போட்டால் பறந்துவிடும். சங்க உறுப்பினர்கள் பள்ளியில் ஒரு அறையில் கூடி இதைச் செய்வார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமானபோது, அரை நாள் விடுப்பு எடுத்து வந்து சில நூறு யென் மதிப்புள்ள துண்டுகளை எண்ணுவதில் என்ன அர்த்தம் என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. நான் வேண்டுமானால் பணமாகவே கொடுத்துவிடுகிறேன், ஆளை விடுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அதைச் சொல்ல முடியாதபடிதான் அந்த அறை அமைந்திருக்கிறது. எல்லா அம்மாக்களும் வந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் வராமல் இருக்க முடியுமா? 2011 சுனாமிக்குப் பிறகு, 2013-ல், இணையத்தில் பொருள் வாங்கினாலே புள்ளி சேரும் வெப் பெல்மார்க் வந்தது. கத்தரிக்கோல் மட்டும் இன்னும் முழுதாக ஓயவில்லை.

அமெரிக்காவில் ஓய்ந்துவிட்டது. 2019-ல் ஜெனரல் மில்ஸ் அச்சிட்ட துண்டுகளைக் கைவிடத் தொடங்கியது. இனி கைபேசிச் செயலியில் கடை ரசீதைப் படம் எடுத்தால் போதும். எந்தெந்தப் பொருளுக்குப் பத்து சென்ட் என்று செயலியே கண்டுபிடித்துப் பள்ளியின் கணக்கில் ஏற்றிவிடும். வாங்கிய 14 நாளுக்குள் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளருக்கு எண்ணும் வேலை போயிற்று, கெடு தேதி போயிற்று, ஜிப்லாக் பை போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் ரசீது என்பது அட்டைத் துண்டு மாதிரி வாயில்லாப் பூச்சி இல்லை. சீரியோஸ் ஒரு டப்பா விற்றது என்பதற்கு மேல் துண்டுக்கு ஒன்றும் தெரியாது. யார் வாங்கினார்கள், எந்தக் கடையில், எந்த நேரத்தில், கூட வேறு என்னென்ன வாங்கினார்கள், போட்டி நிறுவனத்தின் தயிர் எவ்வளவு என்பதெல்லாம் ரசீதில் வரிசையாக இருக்கும். இந்தத் தகவலைக் காசு கொடுத்து வாங்கும் தொழிலே உலகத்தில் தனியாக நடக்கிறது. இங்கே பள்ளியின் பெயரைச் சொன்னதும் பெற்றோரே படம் எடுத்து அனுப்புகிறார்கள். பத்து சென்ட் மட்டும் அதே பத்து சென்ட். 1996-ல் இருந்த விலைவாசிக்கு வைத்த தொகை அது.

இன்னொரு இழப்பும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசியதாகத் தெரியவில்லை. துண்டு யாரிடமிருந்தும் வரலாம். பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு உறையில் போட்டு வைத்திருந்து கொடுப்பாள். வேறு மாநிலத்திலிருக்கும் பாட்டி கடிதத்தோடு பத்துத் துண்டு அனுப்புவாள். அலுவலகத்தில் காபி மேசை ஓரம் ஒரு டப்பா இருக்கும். செயலியை இறக்கி, கணக்குத் தொடங்கி, பள்ளியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரத்துக்குள் ரசீதைப் பிடி என்றால் கிழவி வர மாட்டாள். பிள்ளையின் கையிலும் கொண்டுபோக ஒன்றும் இல்லை. பூசணிக்காய்த் தாளில் ஒட்ட எதுவும் இல்லை. பள்ளிக்குத் தன் கையால் கொடுத்த ஒன்று என்று ஏழு வயதுக்காரிக்கு இருந்தது அந்த அசிங்கமாக வெட்டிய அட்டைதான்.

ஏற்கெனவே அச்சாகிக் கடைக்குப் போன டப்பாக்களின் துண்டுகளை, அவற்றில் போட்டிருந்த தேதி முடியும் வரை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதனால் அறிவிப்பு வந்த பிறகும் பல வீடுகளில் சமையலறை இழுப்பறையைக் காலி செய்யும் வேலை நடந்தது. ரப்பர் பேண்டுக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவில் கிடந்த ஒவ்வொரு துண்டையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார்கள்.